அடிநீர் கலந்துவிட்டதா, கயிறு அறுந்துவிட்டதா? வெப்பநிலைச் சரத்தில் பிழை காணும் வழிமுறை

நெல்லைச் சீமையில் ஏரி என்ற சொல் பேச்சில் அதிகம் புழங்குவதில்லை. தேக்கி வைத்தால் குளம், மலையடியில் மறித்தால் அணை, ஆற்றுக்குள் ஆழம் கண்ட இடம் கசம். கல் எடுத்துக் கைவிட்ட குவாரிகளிலும் இப்போது மழைநீர் பல ஆள் ஆழத்துக்கு நிற்கிறது. இவற்றில் எதன் அடிநீரைக் கண்காணித்தாலும் கருவியின் அமைப்பு ஒன்றுதான். மேலே மிதவை, கீழே கனமான கல், இடையில் கயிறு, கயிற்றோடு சேர்த்துக் கட்டிய கேபிள், அதில் மீட்டருக்கு ஒரு வெப்பநிலை சென்சார், மிதவையின் மேல் பதிவுப் பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஆழத்தின் வெப்பநிலையும் பதிவாகும்.

கல்லூரி மாணவர்களும், மீன் வளர்ப்பவர்களும், பள்ளி அறிவியல் மன்றங்களும் தாங்களே இத்தகைய சரத்தைக் கட்டி இறக்க முடியும். இறக்குவது எளிது. மூன்றாவது வாரம் வரைபடம் விசித்திரமாக மாறும்போது, கோளாறு கருவியிலா தண்ணீரிலா என்று தெரியாமல் நிற்பதுதான் கடினம். அந்த நேரத்துக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வரைபடத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் அனைவரும் படித்துவிடுங்கள்.

குளிர்நாட்டு ஏரிகளைப் பற்றிய பாடப்புத்தகங்களில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் 15 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். நம் பக்கம் அது இரண்டு மூன்று டிகிரியாகவும், சில மாதங்களில் ஒரு டிகிரியாகவும் இருக்கலாம். அதைப் பார்த்து, வெதுவெதுப்பான மேல்நீர், குளிர்ந்த அடிநீர் என்ற அடுக்கே இங்கே இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. தண்ணீர் 5 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஆயிரம் லிட்டருக்கு எடை கூடுவது வெறும் 8 கிராம். 10 டிகிரியிலிருந்து 9 என்றால் சுமார் 80 கிராம். 30 டிகிரியிலிருந்து 29 என்றால் சுமார் 300 கிராம். அடுக்குகளைப் பிரித்து நிறுத்துவது இந்த எடை வித்தியாசமே. ஆகவே நம் ஊர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டிகிரி என்பது, காற்று எளிதில் உடைக்க முடியாத ஒரு மூடி.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். பலரும் வாங்கும் டிஎஸ்18பி20 சென்சாரின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி. அதாவது இரண்டு நல்ல சென்சார்கள் ஒரே வாளித் தண்ணீரில் ஒரு டிகிரி வேறுபட்டுச் சொன்னாலும் அவை தயாரித்தவர் சொன்ன வரம்புக்குள்தான் இருக்கின்றன. நாம் அளக்க வந்ததே அந்த ஒரு டிகிரியை. எனவே ஒப்பிட்டுச் சரிபார்க்காத சரத்தை வைத்து அடிநீரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரு தெர்மோகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, எல்லாச் சென்சார்களையும் ரப்பர் வளையம் போட்டு ஒரே கட்டாகக் கட்டி அமிழ்த்தி, கரண்டியால் கிளறிக்கொண்டே அரை மணி நேரம் பதிவெடுங்கள். 24, 27, 31 டிகிரிகளை ஒட்டி மூன்று தடவை செய்யுங்கள். ஒவ்வொன்றும் நடு மதிப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். சரத்தை வெளியே எடுத்த அன்றும் இதையே மறுபடி செய்யுங்கள். இறக்கும் முன் இருந்த விலகலும் எடுத்த பின் உள்ள விலகலும் ஒத்துப்போனால்தான் இடைப்பட்ட மாதங்களை நம்பலாம்.

85 அல்லது மைனஸ் 127 காட்டுகிறது

இது தண்ணீர் அல்ல, மின்சாரம். மின்சாரம் கிடைத்தவுடன், அளக்கத் தொடங்கும் முன், டிஎஸ்18பி20 தன்னிடம் வைத்திருக்கும் மதிப்பு 85. அளவெடுக்க முழுத் துல்லியத்தில் 750 மில்லி விநாடி வரை ஆகும். உங்கள் நிரல் அதற்குள் அவசரப்பட்டுக் கேட்டால் 85 அல்லது முந்தைய அளவு வரும். நிரலில் ஒரு விநாடி காத்திருப்பைச் சேர்த்த பிறகும் 85 வந்தால், மின்னழுத்தம் அந்தச் சென்சார் வரை போய்ச் சேரவில்லை. மைனஸ் 127 என்பது, பதிவுப் பெட்டிக்குள் பலரும் வைக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணிப் பலகைக்கான நிரல் நூலகம் 'சென்சாரிடமிருந்து பதில் இல்லை' என்பதற்கு வைத்திருக்கும் குறி.

இரண்டுக்கும் மல்டிமீட்டரை எடுத்துக் கேபிளின் கடைசி முனையில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். தரவுக் கம்பிக்கும் மின்கம்பிக்கும் இடையில் வழக்கமாகப் போடும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருபது மீட்டருக்கு மேல் நீளும் கேபிளுக்குப் போதாமல் போகலாம்; 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். இரண்டே கம்பியில் ஓட்டும் முறையை நீண்ட சரத்தில் வேண்டாம், மூன்று கம்பி போடுங்கள். மையத்திலிருந்து நட்சத்திரம்போல் பல கிளைகள் பிரித்தால் குறிகை எதிரொலித்துக் குழம்பும். ஒரே நேர்க்கேபிளில் குட்டையான கிளைகளாக இணைப்பதே சரி.

ஆழ வரைபடம் கோணல்மாணலாக இருக்கிறது

ஒரு மீட்டரில் 28.9, இரண்டாவதில் 26.4, மூன்றாவதில் 28.5 என்று வந்தால், சென்சார்களின் வரிசை மாறியிருக்கிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் 64 பிட் முகவரி உண்டு. நிரல் அந்த முகவரிகளின் வரிசையில்தான் படிக்கும். எது எந்த ஆழத்தில் தொங்குகிறது என்பது அதற்குத் தெரியாது.

கரையில் சரத்தை நீட்டிப் போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக ஒரு டம்ளர் வெந்நீரில் முக்குங்கள். திரையில் எந்த முகவரியின் எண் ஏறுகிறதோ அதை நோட்டில் எழுதுங்கள். சென்சாருக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒன்றுக்கு ஒரு முடிச்சு, இரண்டுக்கு இரண்டு முடிச்சு என்று போடுங்கள். படகில் கை ஈரமாக இருக்கும், ஒட்டிய தாள் நிற்காது, மார்க்கர் அழிந்துபோகும். முடிச்சு இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

அளவுகள் அரை டிகிரிப் படிக்கட்டாக ஏறி இறங்கினால் அது வேறு சங்கதி. சென்சார் 9 பிட் நிலையில் இருக்கிறது; 12 பிட்டுக்கு மாற்றினால் ஒரு படி 0.0625 டிகிரியாகக் குறையும். அந்தச் சின்னப் படி தெரியத்தான் செய்யும், அது பிழை அல்ல.

எல்லா ஆழமும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டது

இதற்காகத்தான் சரத்தையே இறக்குகிறோம். மேல்நீரும் அடிநீரும் உண்மையில் கலந்தால் பல மாதம் காற்றுப் படாமல் கிடந்த அடித்தண்ணீருக்கு ஆக்சிஜன் கிடைக்கும். அடியில் சேர்ந்த இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் மேலே வரும். ஆழம் குறைந்த குளமாக இருந்தால் விடியும்போது மீன்கள் செத்து மிதக்கவும் கூடும். குடிநீருக்கு எடுப்பவருக்கும் மீன் குத்தகைக்காரருக்கும் இது பெரிய செய்தி. ஆகவே 'கலந்துவிட்டது' என்று யாரிடமும் சொல்லும் முன் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தை மாதத்தில் என் வரைபடத்தில் அடியிலிருந்த நான்கு கோடுகளும் மேல் கோடுகளோடு சேர்ந்துவிட்டன. மாதம் பொருந்தியது, இரவில் குளிரும் இருந்தது. கலப்பைப் பிடித்துவிட்டேன் என்றே நம்பினேன். மறுநாள் காலை படகில் போய் மிதவையைத் தூக்கினால், கையில் கனமே இல்லை. நங்கூரக் கல்லைக் கட்டியிருந்த நைலான் கயிறு அடிப்பாறையின் விளிம்பில் உரசி உரசி அறுந்திருந்தது. முனை வெள்ளையடிக்கும் மட்டைபோல் நார் நாராகப் பிரிந்து நின்றது. சரம் முழுவதும் மேல்நீரிலேயே சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பதிவை வரிசை வரிசையாகப் பார்த்தபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது: அதிகாலை 3.40க்கு அடிச் சென்சாரில் பழைய வெப்பநிலை, 3.50க்கு மேல்நீரின் வெப்பநிலை. இடையில் ஒரு அளவுகூட இல்லை. முப்பதடிக்குக் கீழே கிடக்கும் நீர் பத்து நிமிடத்தில் அப்படி மாறாது.

அன்றிலிருந்து நான் பார்க்கும் முதல் விஷயம், யார் யாரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான். மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் வாடை அடிக்கும்போது மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். அப்போது மேல் கோடுதான் நாள் நாளாகத் தாழ்ந்து வரும். முதலில் ஒரு மீட்டர்க் கோட்டோடு சேரும், பிறகு இரண்டு, பிறகு மூன்று. கடைசியில் எல்லாம் சேர்ந்து அடிக்கோட்டைத் தொடும். அடிக்கோடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். மேல்நீர் இறங்கிப்போய் அடிநீரைச் சேர்ந்தால் அது குளிர்ச்சியால் நடந்த கலப்பு. அடிநீரின் கோடு ஒரே தாவலில் மேலே போய் ஒட்டிக்கொண்டால் கயிற்றைப் போய்ப் பாருங்கள்.

காற்றால் நடக்கும் கலப்பு இதிலிருந்து கொஞ்சம் மாறுபடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கி வீசும் சீமை இது, காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். அந்தக் காற்று மேலடுக்கைக் கிளறிக் கிளறி அதன் ஆழத்தைக் கூட்டும். மேலிருந்து கீழாகக் கோடுகள் சேரும் என்பது இதிலும் உண்டு. ஆனால் கலப்பு முழுமையானால் அடிக்கோடு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ மெல்ல ஏறி, மேல் கோடு சற்றே இறங்கி, இரண்டும் நடுவில் சந்திக்கும். பொழுது சாயச் சாயக் காற்று அடங்கினால் சில சமயம் பழையபடி பிரியும்.

மூன்றாவது காரணம் அணைகளில் மட்டும் வரும்: மதகு. அடி மதகு வழியாகத் தண்ணீர் திறக்கும்போது வெளியேறுவது அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர்தான். மேல்நீர் கலக்காமலே கீழே இறங்குகிறது. அடிச் சென்சாரின் கோடு நாள்கணக்கில் மெதுவாக ஏறும், அதற்கு மேலே உள்ள கோடுகளும் வரிசை குலையாமல் ஏறும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் திறந்த தேதிகளை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால் இதைக் கலப்பு என்று எண்ணி ஏமாற மாட்டீர்கள். பத்திரிகையில் தினமும் வரும் அணை நிலவரத்தையும் வெட்டி ஒட்டி வையுங்கள். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் அதில் இருக்கும்.

அந்த நீர்மட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. மழைக்கும் கோடைக்கும் இடையில் நம் அணைகளில் மட்டம் பல பத்து அடி இறங்கும். சரம் மிதவையிலிருந்து தொங்கினால், மட்டம் இறங்க இறங்கக் கீழ்ச் சென்சார்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் படுத்துவிடும்; ஐந்து சென்சார்கள் ஒரே இடத்தில் கிடந்து ஒரே வெப்பநிலையைச் சொல்லும். மாறாக, சரத்தை அடியில் நங்கூரமிட்டு நீருக்குள்ளேயே ஒரு மிதவையால் நிமிர்த்தி நிறுத்தினால் மேல் சென்சார்கள் ஒரு நாள் வெளியே தலைகாட்டும். நான் அணைக்கு இரண்டாவது முறையையும் குவாரிக்கு முதல் முறையையும் பரிந்துரைப்பேன். எதுவானாலும், பதிவில் 'தரையிலிருந்து இத்தனை மீட்டர்' என்றா 'மேற்பரப்பிலிருந்து இத்தனை மீட்டர்' என்றா குறித்திருக்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பத்திரிகை சொல்லும் அடியும் உங்கள் இடத்தின் ஆழமும் ஒன்றல்ல. நூலில் கல் கட்டி இறக்கி அளந்துகொள்ள வேண்டும்.

ஐயம் தீர ஒரே வழி, அடிச் சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு அழுத்த சென்சார். பத்து மீட்டர் நீருக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம். வெப்பநிலைக் கோடுகள் சேர்ந்த அதே கணத்தில் அழுத்தமும் விழுந்திருந்தால் சரம் மேலே வந்துவிட்டது என்று பொருள். அழுத்தம் மாறாமல் கோடுகள் சேர்ந்தால் தண்ணீர்தான் மாறியிருக்கிறது.

அடிநீர் மேலே உள்ளதைவிடச் சூடாக இருக்கிறது

அரை டிகிரிக்குள் என்றால் முதலில் வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் முகவரி வரிசையைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால், வெப்பமான நீரை அடியில் பிடித்து வைக்கும் கனம் ஏதோ இருக்கிறது என்று பொருள். ஒன்று கரைந்த உப்பு, இல்லையென்றால் வண்டல்.

28 டிகிரியை ஒட்டி, அடிநீர் இரண்டு டிகிரி சூடாக இருந்தும் மேலே வராமல் கிடக்க வேண்டுமானால், லிட்டருக்கு முக்கால் கிராம் உப்போ, ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான வண்டலோ கூடுதலாக இருந்தால் போதும். குவாரிக் குட்டைகளில் காற்றும் படாது, ஓட்டமும் கிடையாது. அடியில் உப்பேறிய நீர் ஆண்டுக்கணக்கில் கலக்காமல் கிடக்க முடியும். அடியிலிருந்து ஒரு புட்டி நீர் எடுத்து மின்கடத்துத்திறன் மீட்டரை முக்கிப் பாருங்கள். மேல்நீரைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் உங்கள் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

வெள்ளக் காலத்தில் வேறு விதமாக நடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் மலையிலிருந்து வரும் செம்மண் நீர் குளிர்ச்சியாலும் வண்டலாலும் கனத்து, தேங்கிய நீரின் மேல் பரவாமல் அடியோடு அடியாகச் சரிந்து ஓடும். அடிச் சென்சார் திடீரென்று குளிரும், நடுவில் உள்ளவை அப்படியே இருக்கும். வந்த நீர் பழைய அடிநீரைவிட வெதுவெதுப்பாக இருந்தால், சில நாளில் வண்டல் படிந்து கனம் குறைந்ததும் அது தன் வெப்பநிலைக்கு ஏற்ற அடுக்குக்கு எழும்பும். வெள்ளத்துக்கு அடுத்த நாள் அடிக்கோடு மட்டும் விழுந்தால் அதைப் பழுது என்று அழித்துவிடாதீர்கள். அந்தப் பதிவு மறுபடி கிடைக்காது.

நடுவில் உள்ள சென்சார்கள் மட்டும் மணிக்கணக்கில் ஏறி இறங்குகின்றன

மேலே அமைதி, அடியில் அமைதி, நடுவில் மட்டும் 26க்கும் 28க்கும் இடையே ஆட்டம். கம்பி இணைப்புத் தளர்ந்துவிட்டது என்று பலர் சரத்தை வெளியே இழுத்துவிடுவார்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். இது ஏரிக்குள் நடக்கும் ஊசல். மேற்குக் காற்று நாளெல்லாம் அடித்து மேல்நீரைக் கிழக்குக் கரையில் குவிக்கும். அங்கே அடுக்குகளின் எல்லை கீழே அழுந்தும், மேற்குக் கரையில் எழும்பும். காற்று ஓய்ந்ததும் அந்த எல்லை தொட்டிலைப்போல் ஆடத் தொடங்கும். ஜெனீவா ஏரியில் நீர்மட்டமே இப்படி ஆடுவதை 19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஃபோரெல் விரிவாக ஆராய்ந்தார். மேற்பரப்பில் ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் ஆடுவதை ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார்கள்.

ஆட்டத்தின் கால அளவைக் கணக்கிட்டு ஒத்துப்பார்க்கலாம். மூன்று கிலோமீட்டர் நீளமான நீர்ப்பரப்பு, மேலடுக்கு 8 மீட்டர், கீழடுக்கு 12 மீட்டர், இடையே இரண்டு டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த எல்லையில் அலை விநாடிக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். போய்த் திரும்ப ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகும். உங்கள் வரைபடத்தில் இதை ஒட்டிய கால அளவு சீராக வந்தால் ஊசல்தான். தளர்ந்த இணைப்புக்கு ஒழுங்கு கிடையாது. அது 85ஐயும் மைனஸ் 127ஐயும் கூடவே கொண்டுவரும். காற்றில் சரம் சாய்ந்திருந்தால் அழுத்த சென்சார் காட்டிக்கொடுக்கும், நங்கூரக் கல்லை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

மேல் சென்சார் நண்பகலில் எகிறுகிறது

கறுப்புக் கேபிளும் எஃகுக் குழாயும் வெயிலை நேரடியாக வாங்கிச் சூடாகின்றன. ஒரு சாண் நீளத்தில் வெள்ளை பிவிசி குழாய்த் துண்டில் துளைகள் போட்டு மேல் சென்சாருக்குக் குடையாக மாட்டுங்கள். பகலில் 40, விடியலில் 22 என்று பெரிய ஊசலாட்டம் தெரிந்தால் அது தண்ணீரிலேயே இல்லை, காற்றில் தொங்குகிறது.

உச்ச வெப்பம் பிற்பகல் மூன்று மணிக்குப் பதிலாகக் காலை ஒன்பதரைக்கு வந்தால் சென்சாரில் குறையில்லை. பெட்டியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீர்மட்டம் தினமும் இரண்டு முறை சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது

மதகை யாரும் திறக்கவில்லை, மழையும் இல்லை. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தமே நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும்: காலை பத்தையும் இரவு பத்தையும் ஒட்டி உச்சம், அதிகாலை நான்கையும் மாலை நான்கையும் ஒட்டித் தாழ்வு. நீருக்குள் இருக்கும் அழுத்த சென்சார் அதையும் சேர்த்தே அளக்கும்; ஒரு மில்லிபார் ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். கரையில் நிழலில் இன்னொரு அழுத்த சென்சாரை வைத்து, அதன் அளவைக் கழித்தால் கோடு நேராகிவிடும்.

சென்சார்கள் அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சாகின்றன

நீர் உள்ளே போகிறது. அழுத்தம் அடியில் அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் புகும். 'நீர் புகாதது' என்று விற்கும் எஃகுக் குழாய்ச் சென்சார்களில் குழாய் நன்றாகவே இருக்கும். கேபிள் நுழையும் வாய்தான் கதவு. செத்த ஒன்றைப் பிளந்து பாருங்கள்: செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், கேபிள் உறையை நகத்தால் அழுத்தினால் உள்ளிருந்து ஒரு துளி நீர் எட்டிப் பார்க்கும். அந்தத் துளி அந்தச் சென்சாரோடு நிற்காது, கேபிளுக்குள்ளேயே ஏறி அடுத்த இணைப்புக்கும் போகும்.

புதிதாகக் கட்டும்போது குழாயின் வாயை உப்புத்தாளால் சுரண்டி, எபாக்சி ஊற்றி, அது இறுகியபின் உள்ளே பசை தடவிய வகை ஹீட் ஷ்ரிங் குழாயை மாட்டிச் சூடு காட்டுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் நீருக்கடியில் ஒரு வாரம் நிற்காது. இறக்கும் முன் ஒரு வாளி நீரில் மூன்று நாள் ஊறப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அடிச் சென்சார் அசையவே இல்லை

மாதக்கணக்கில் 25.4. ஆழமான நீர் அப்படி இருக்கக்கூடியதுதான். ஆனால் உயிருள்ள சென்சாரின் கடைசி இலக்கம் சும்மா இருக்காது, ஒரு படி மேலும் கீழும் துடிக்கும். துடிப்பே இல்லையென்றால், பதில் கிடைக்காதபோது பழைய மதிப்பையே திரும்ப எழுதும்படி உங்கள் நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியை நீக்கி, பதில் இல்லாத இடத்தை வெற்றாகவே விடுங்கள். துடிப்பு இருந்தும் பருவம் மாறும்போதுகூடக் கோடு நகரவில்லை என்றால் சென்சார் சேற்றுக்குள் இருக்கிறது. கல்லுக்கும் கடைசிச் சென்சாருக்கும் இடையில் ஒரு மீட்டர் கயிறு விடுங்கள்.

ஆக்சிஜன் அளவு வெப்பநிலையோடு ஒத்துப்போகவில்லை

வெப்பநிலை அடுக்கு இருக்கிறது என்கிறது, ஆக்சிஜன் மீட்டரோ அடியிலும் லிட்டருக்கு 7 மில்லிகிராம் என்கிறது. 28 டிகிரி நீர் காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளக்கூடியதே சுமார் 7.8தான், பல மாதம் மூடிக்கிடந்த அடிநீரில் 7 என்பதை உடனே நம்ப வேண்டாம். சோடியம் சல்பைட் கரைத்த நீரில் மீட்டரை வைத்தால் சுழியத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சவ்வையோ முனையையோ மாற்றுங்கள். சவ்வு வகையாக இருந்தால் இன்னொன்று: அது தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே தின்னும். அசையாமல் தொங்கவிட்டால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே படிக்க வேண்டும். பச்சையேறிய குளத்தின் மேல்நீரில் பிற்பகல் 12 காட்டினால் பதற வேண்டாம், பாசி பகலில் அவ்வளவு விடும். விடியலில் அதே இடத்தில் அளந்து பாருங்கள், அங்கேதான் மீனின் உயிர் இருக்கிறது.

என்னைப் படகில் கூட்டிப்போகும் மீனவ அண்ணாச்சி ஒருவரிடம், மீட்டரை நம்புவதா வேண்டாமா என்று ஒருமுறை கேட்டேன். "தம்பி, கோடையில் நாலு பாகத்துக்குக் கீழே வலையை இறக்கினால் ஒரு மீனும் விழாது. கீழே போய் வந்த வலையை மோந்து பாருங்கள்" என்றார். மோந்தேன். அழுகிய முட்டை நாற்றம். ஒரு பாகம் ஆறடி. நாலு பாகம் என்றால் ஏழு மீட்டருக்குச் சற்று மேல். என் சரத்தில் கோடுகள் பிரியும் ஆழமும் அதுவே. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது; ஆக்சிஜன் தீர்ந்த நீரில்தான் அது தங்கும். எனவே மீட்டரும் வெப்பநிலையும் முரண்படும் நாளில், கயிற்றில் கட்டி இழுத்து மூடும் புட்டி ஒன்றை அடிக்கு இறக்கி, மேலே கொண்டுவந்து, மூடியைத் திறந்ததும் மூக்கருகில் வையுங்கள். நாற்றம் இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது.

இதற்கெல்லாம் நீரில் இறங்கும் முன்: மணிமுத்தாறும் பாபநாசமும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் உள்ளும் வரும் இடங்கள், வனத்துறையிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் படகை எடுக்காதீர்கள். குவாரிக் குட்டைகளில் கரை செங்குத்தாக இறங்கும், ஏற வழி இருக்காது. மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஓராள் ஆழத்தில் குளிர் காலைப் பிடிக்கும். உயிர்காப்பு மேலாடை இல்லாமலும் தனியாகவும் ஒருபோதும் போகாதீர்கள். சரம் அறுந்து அடியில் போய்விட்டால் மூழ்கி எடுக்க முயல வேண்டாம். பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் கேபிள் சிக்கும். சிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு சரம் கட்டுங்கள்.